நீர்வளையம், ஒன்று

ஓச்சிஷி துறைமுகத்தில்
மிதவை அங்கி மாட்டும்போதே
ஒருவர் கொட்டாவி எல்லோருக்கும் ஒட்டியது.
ஜூன் மாதத்துக் கடல்பனி
படகின் முனையைத் தின்றுவிட்டு
என் பேனாவரை வந்திருந்தது.

என் வேலை கணக்கு.
நனையாத தாளில்
பெயர், எண், நேரம், திசை.
திசைக்குப் படகேதான் கடிகாரம்:
முனை பன்னிரண்டு, பின்புறம் ஆறு.
காலை ஏழேகாலுக்கு
"மூணு மணி! மூணு மணி!" என்று
டிக்கெட் கிழிக்கும் மிஃபுயு கத்தினால்
யாரும் கைக்கடிகாரம் பார்ப்பதில்லை.
எல்லாக் கழுத்தும் வலப்பக்கம் திரும்பும்.

முதலில் நீர்க்காகங்கள்.
நீர்க்காகத்துக்கு யாரும் எழுந்து நிற்பதில்லை.
அப்புறம் கேய்மாஃபுரி இரண்டு:
கரிய உடம்பு, கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு,
எழும்பும்போது பின்னால் நீளும் சிவந்த கால்கள்.
ஐனு மொழியில் அந்தப் பெயரே
செங்கால் என்பதுதான்.

ஒசாகாவிலிருந்து வந்தவர் தொகாஷி.
இரண்டு விமானம், ஒரு ரயில்,
விடுதிக் கூரையில் ஓர் இரவு மழை.
அவர் நோட்டில்
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பறவைகள்.
நானூறு என்று எண்ணை மட்டும் எழுதி
பெயருக்கு இடம் விட்டிருந்தார்,
மாப்பிள்ளை கிடைக்குமுன்
அச்சடித்த பத்திரிகைபோல.
எத்தோபிரிக்கா வரவேண்டும் அங்கே.

யுருரித் தீவின் பாறைச்சுவர் தெரிந்தது.
மேலே, ஆளில்லாப் புல்லில்,
"பத்து மணி, குதிரை!" என்றாள் மிஃபுயு.
கை பழக்கத்தில் எழுதிவிட்டது.
அடித்துவிட்டேன்.

எஞ்சினைத் தணித்த ஹிரானுமா
யாரும் கேட்காததைச் சொன்னார்:
"சால்மன் வலை இழுத்த காலத்தில்
மீனோடு அதுவும் வரும்.
தூரத்தில் வைத்துக் கேட்டால் தடுமாறுவேன்.
கையில் கொடுத்தால்
இருட்டிலும் சொல்லிவிடுவேன்."
சொல்லிக்கொண்டே
உள்ளங்கையைக் கிண்ணமாகக் குவித்தார்.
இன்னும் கனம் இருப்பதுபோல
மெதுவாகத்தான் விரித்தார்.
இறந்தவற்றுக்கு என் தாளில் கட்டம் கிடையாது.

தீவைத் தாண்டியதும் அலை தடித்தது.
தொகாஷியின் முகம் கடற்பாசி நிறம்.
கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்து
எட்டு மணிப் பக்கம் குனிந்தார்,
காலைச் சோற்றைக் கடலுக்குக் கொடுக்க.

அப்போதுதான்
"ஒரு மணி!
ஒரு மணி, கிட்டத்தில்!"

வெள்ளை முகம்.
பின்னால் வழித்துச் சீவிய பொன்முடி.
அந்தச் சாம்பலில்
அதன் அலகு மட்டும் யாரோ ஏற்றிவைத்தது.
ஏழு நொடி இருக்கும்.
எங்களைப் பார்த்தது,
பெரிய விஷயம் இல்லை என்று தெரிந்ததும்
தலைகீழாக உள்ளே போனது.

தொகாஷி திரும்பியபோது
நீர்வளையம் ஒன்று
விரிந்துகொண்டிருந்தது.

"படகில்தானே இருந்தீர்கள்,
எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்
குஷிரோவிலிருந்து வந்த அம்மா.
கேமராத் திரையையும் நீட்டினார்.
அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல
அவர் நெடுநேரம் பார்த்தார்.
"அழகு" என்றார்.
எத்தோபிரிக்கா என்றால்
அலகு அழகு என்றுதான் பொருள்;
அது தெரியாமலே சொன்னார்.

நாற்பது நிமிடம் காத்திருந்தோம்.
கடல் வேறெதையும்
மேலே அனுப்பவில்லை.

திரும்பும் வழியில் என்னிடம் கேட்டார்:
"நேரம்?"
எட்டு ஐம்பத்திரண்டு என்றேன்.
நானூறுக்கு எதிரே அதை எழுதினார்.
பக்கத்தில், பெயருக்கு விட்ட இடத்தில்,
பென்சிலால்:
நீர்வளையம், ஒன்று.

இறங்கிய பிறகுதான் தரை ஆடியது.
ஹிரானுமா ரப்பர் குழாயால்
படகின் எட்டு மணியைக் கழுவிக்கொண்டிருந்தார்.
அங்கிகளை எண்ணி வாங்கிய மிஃபுயு
சட்டென்று, "ஆறு மணி!"

படகே இல்லாத எங்களுக்கு
எது ஆறு மணி?
இருந்தும் எல்லோரும் திரும்பினோம்.
அலைதடுப்புக் கல்லில்
சிறகை உலர்த்தியபடி
ஒரு நீர்க்காகம்.

யாரும் பேருந்துக்கு நகரவில்லை.
தொகாஷி
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.